வீடற்றோரும் நம் அண்டை வீட்டாரே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பைத்துல்மால் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. உறுப்பினர்கள் பலரின் வேண்டுகோளுக்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

சற்று முன்னர் நமது பொருளாளர் அவர்கள் வரவு செலவு அறிக்கையை வாசித்தார்கள். அதில் தெருவோர மக்களுக்கு இரவு உணவு வழங்கிய வகையில் ஒரு தொகை செலவாகியிருப்பதைக் கேட்டபோது பலரும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று கூறினீர்கள். நானும் கூறினேன். அந்தப் பணம் உங்கள் ஸதகாவிலிருந்து வந்தது. அதைச் சமைத்துப் பொட்டலம் கட்டி, ஆட்டோவில் ஏற்றிச் சென்று கொடுத்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அதில் குறை காண்பதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. அந்தக் கணக்கில் எழுதப்படாத ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கே தலைவர் அவர்களிடம் அனுமதி கேட்டிருந்தேன்.

நமது பள்ளிவாசலின் வடக்கு வாயிலை ஒட்டிய கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் படுத்திருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் அங்கே இருந்தார். நீல நிறப் போர்வையும் ஒரு சாக்குப் பையும் அவருடைய உடைமைகள். இரவு உணவுப் பொட்டலம் முதலில் அவருக்கே போகும். ரமலானில் நோன்புக் கஞ்சி கொடுப்போம். பெருநாளன்று இறைச்சிச் சோறு கொடுப்போம். சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு நாள் பஜ்ருத் தொழுகைக்கு வந்தவர்கள் அவர் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டார்கள். காவல் நிலையத்திலிருந்து வந்த அதிகாரி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, இவர் பெயர் என்ன என்பதுதான். அங்கே கூடி நின்ற பதினைந்து இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்பதும் தெரியவில்லை. மய்யித்தை நாம் பொறுப்பேற்று ஜனாஸாத் தொழுகை நடத்துவதா கூடாதா என்று முடிவு செய்ய இயலாமல் மழையில் நின்றோம். சாக்குப் பையைப் பிரித்தபோது அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு ஒன்று கிடைத்தது. பெயர் எழுதியிருந்த இடம் நீரில் கரைந்து போயிருந்தது. அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதிக்கொண்டு உடலைப் பிணவறைக்கு எடுத்துச் சென்றார்கள்.

அவருக்கு நாம் கொடுத்த உணவுப் பொட்டலங்கள் அறுநூறுக்குக் குறையாது. அத்தனை முறை அவர் எதிரே குனிந்திருக்கிறோம். ஒரு முறையேனும் பெயரைக் கேட்டவர் நம்மில் இல்லை. குனிந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

வெறுங்கையோடு சென்ற இரவுகள்

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பைத்துல்மால் குழு எங்கள் ஐந்து பேரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. மூன்று வாரங்கள், இஷாவுக்குப் பிறகு, உணவு எதுவும் எடுத்துச் செல்லாமல், சென்ட்ரல் இரயில் நிலையத்தின் எதிர்ப்புறம், வால்டாக்ஸ் சாலை, பிராட்வே ஆகிய பகுதிகளில் நடந்து சென்று மக்களோடு பேசி வர வேண்டும் என்பதே அந்தப் பொறுப்பு. வெறுங்கையோடு போனால் யார் பேசுவார்கள் என்று எங்களுக்கே ஐயம் இருந்தது. ஆனால் உணவு வண்டி நிற்கும்போது வரிசைதான் இருக்கும், பேச்சு இருக்காது. வண்டி இல்லாதபோதுதான் மக்கள் பேசினார்கள்.

முதலில் நாங்கள் கண்டது நம்மைப் பற்றிய ஓர் உண்மை. வெள்ளிக்கிழமை இரவு ஒரே சாலையில் நான்கு வண்டிகள் வந்து நின்றன. ஒன்று நம்முடையது. மற்றவை ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்களுடையது, அன்னதானம் செய்யும் ஒரு பக்தர் குழுவினருடையது, கம்பெனிகளில் வேலை பார்க்கும் சில இளைஞர்களுடையது. பிரியாணிப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலேயே குப்பைத் தொட்டியில் கிடந்ததையும் நாய்கள் இழுத்துச் சென்றதையும் கண்ணால் கண்டோம். செவ்வாய்க்கிழமை அதே சாலைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. குழந்தைகள் டீயும் பன்னும் சாப்பிட்டுப் படுத்தார்கள். நான்கு குழுவினரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அவர்களைத் தேடிச் சென்று ஒரு டீக்கடையில் அமர்ந்து கிழமைகளைப் பிரித்துக்கொண்டோம். அதற்கு ஆன செலவு ஒன்பது டீ. இதை நாம் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம்.

அடுத்து, அந்த மக்கள் யார் என்பது. இவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நாங்கள் பேசியவர்களில் பெரும்பாலோர் உழைப்பவர்கள். லாரி புக்கிங் அலுவலகங்களில் சுமை இறக்குவோர், மீன்பாடி வண்டி ஓட்டுவோர், பழைய அட்டையும் பாட்டிலும் பொறுக்குவோர், பூக்கட்டும் பெண்கள், சமையல்காரர்களோடு எடுபிடியாகச் செல்வோர். ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு வலீமாவுக்கு நான்தான் பாய் பாத்திரம் கழுவினேன்" என்றார். மண்டபத்தின் பெயரையும் சரியாகச் சொன்னார். அந்த விருந்து முடிந்து நாமெல்லோரும் காரில் வீடு திரும்பிய இரவில் அவர் எங்கே சென்று படுத்தார் என்று எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. வால்டாக்ஸ் சாலையில் சில குடும்பங்கள் தலைமுறைகளாக நடைபாதையிலேயே வாழ்கின்றன. பாட்டி பிறந்ததும் அங்கே, பேத்தி பிறந்ததும் அங்கே.

என்ன வேண்டும் என்று கேட்டோம். சோறு என்று சொன்னவர்கள் குறைவு. கழிப்பிடம் என்றார்கள். கட்டணக் கழிப்பிடம் இரவில் பூட்டப்படுவதால் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவதாகப் பெண்கள் சொன்னபோது, உடன் வந்த நமது சகோதரிகள் இருவரும் தலை குனிந்துகொண்டார்கள். பகலில் துணி மூட்டையைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் குப்பை வண்டியில் மூட்டை போய்விடுகிறது. அதனுள் இருந்த ரேஷன் அட்டையும் ஆதாரும் அதோடு போய்விடுகின்றன. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஓர் இடம் வேண்டும் என்றார்கள். வயது வந்த பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள் எதையும் கேட்கவில்லை. இரவில் தாங்கள் தூங்குவதில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

சட்டம் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் 17.7 லட்சம் பேர். இவர்களில் நகரங்களில் வாழ்வோர் 9.38 லட்சம். 2001 இல் நகர்ப்புற எண்ணிக்கை 7.78 லட்சமாக இருந்தது. நாட்டின் மொத்த எண்ணிக்கை குறைந்தபோதும் நகரங்களில் கூடியிருக்கிறது. இந்தக் கணக்கை எடுப்பதற்கென்றே பிப்ரவரி 28 ஆம் தேதி இரவில் ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். வீடற்றோர் எங்கெல்லாம் தங்குவார்கள் என்று கணக்கெடுப்புத் துறை கூறும் பட்டியலில் நடைபாதை, பெரிய குழாய்கள், மேம்பாலத்தின் அடிப்பகுதி, இரயில் நடைமேடை ஆகியவற்றோடு வழிபாட்டிடங்களின் திறந்தவெளியும் இடம்பெற்றிருக்கிறது. ஆக, அரசாங்கமே நமது வாசலைக் குறித்து வைத்திருக்கிறது. ஒரே இரவில் எடுக்கப்படும் கணக்கில் எத்தனை பேர் விடுபட்டிருப்பார்கள் என்பதை, மூன்று வாரம் நடந்த பிறகும் எண்ணி முடிக்க இயலாத எங்களால் ஊகிக்க முடிகிறது.

உணவு உரிமைக்காகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010 இல், டெல்லியின் கடுங்குளிரை ஒட்டி, வீடற்றோர் தங்குமிடங்கள் குறித்து ஆணை பிறப்பித்தது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் அவ்வழக்கின் வாயிலாகவே நிலைபெற்றது. பின்னர் 2013 இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்று வரையறுத்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்கள் வாயிலாகக் கட்டணமின்றித் தங்குமிடங்களை நடத்தி வருகிறது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியோருக்கு என்று தனித்தனியே உண்டு. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் உடனிருப்போர் தங்கவும் ஏற்பாடு உண்டு. வெளியூரிலிருந்து மருத்துவத்திற்கு வரும் நம் உறவினர்கள் பலர் நடைபாதையில் துண்டை விரித்துப் படுப்பதற்குக் காரணம், இதை யாரும் அவர்களுக்குச் சொல்லாததே.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் தெருவில் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் முதல் முயற்சி தோற்றதே இதற்குப் பதிலாகும். சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரை, ஐம்பது வயதிருக்கும், ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு தங்குமிடத்தில் சேர்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினோம். மூன்றாம் நாள் அவர் பழைய இடத்திலேயே படுத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் பொறுமையாக விளக்கினார்: லாரிகள் வருவது அதிகாலை நான்கு மணிக்கு, அந்நேரத்தில் பேருந்து இல்லை, முதலில் நிற்பவனுக்கே வேலை. அவருக்குத் தேவை வேலைக்கு அருகில் ஓர் இடம். நாம் கொடுத்தது நமக்குக் கிடைத்த ஓர் இடம். இந்த ஊரில் நடைபாதைக் குடும்பங்களுக்கு நகரத்தின் விளிம்பிலுள்ள குடியிருப்புகளில் வீடு ஒதுக்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. பாரிமுனையில் பிழைப்பவருக்குப் பெரும்பாக்கத்தில் சாவியைக் கொடுத்தால், போகவர நாள்தோறும் 50 கிலோமீட்டர் பயணம். கூலி அதிலேயே கரைந்துவிடும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாக இருப்போர் தங்குமிடத்திற்குச் சென்றால் ஆண் ஓரிடத்திலும் பெண் ஓரிடத்திலும் பிரிய நேர்கிறது. நம்மில் யார் அதற்குச் சம்மதிப்போம்?

அடுத்த தடை காகிதம். முகவரி இல்லாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தெருவில் கிடக்கும் ஒரு மூதாட்டிக்கு அது ஒரு மாத மருந்தும் பாலும் ஆகும். ஆனால் அவர்களுக்கு முகவரி எங்கே? இதற்கும் வழி இருக்கிறது என்பதை இந்தப் பணியில்தான் அறிந்துகொண்டோம். அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தின் பொறுப்பாளர் தரும் சான்றைக் கொண்டு ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். வாக்காளர் பட்டியல் விஷயத்திலோ, தேர்தல் ஆணையம் தன் கையேட்டில் ஓர் அழகான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது: வீடற்றவர் குறிப்பிடும் இடத்திற்கு வாக்குச்சாவடி அலுவலர் இரவில் சென்று, அவர் உண்மையிலேயே அங்கே உறங்குகிறாரா என்று பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசாங்கம் இரவில் சென்று பார்க்கச் சொல்கிறது. நாமும் இரவில்தான் செல்கிறோம், ஆனால் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

ஏர்வாடியை மறக்கலாகாது

மனநலம் குன்றித் தெருவில் அலைவோரைப் பற்றித் தனியே கூற வேண்டும். ஏனெனில் இதில் நம் சமுதாயத்திற்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. தர்காவை நாடி, குணமாகும் என்ற நம்பிக்கையோடு குடும்பத்தாரால் அழைத்து வரப்பட்டவர்கள் அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தக் காப்பகத்தில் விட்டுச் சென்ற குடும்பங்கள் எல்லாம் கொடியவர்களின் குடும்பங்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாதவர்களுக்கு வேறோர் இடத்தை யாரும் காட்டவில்லை.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிலைமையை மாற்றியிருக்கிறது. ஆதரவின்றி அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு செல்வது காவல் நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அவர்கள் பொறுப்பே. வீடு இல்லை, உறவினர் ஏற்கவில்லை என்ற காரணத்திற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாகாது என்றும் அந்தச் சட்டம் கூறுகிறது. சென்னை மாநகரக் காவல்துறை 2021 இல் 'காவல் கரங்கள்' என்ற பெயரில் மீட்புப் பணியைத் தொடங்கியது. இந்த விவரங்கள் தெரிந்திருந்தால், பள்ளிவாசல் வாசலில் கூச்சலிடும் ஒருவரைக் கையைப் பிடித்து அப்புறப்படுத்துவதோடு நாம் நிறுத்திக்கொள்ள மாட்டோம்.

குணமடைந்த பின் எங்கே போவது? இதற்கு விடை கண்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 1993 இல் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய 'தி பான்யன்' நிறுவனம், 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற முறையில் ஊருக்குள் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நீண்ட காலம் மருத்துவமனையில் கிடந்தவர்களை நாலைந்து பேராகக் குடியமர்த்துகிறது. உதவியாளர்கள் துணை இருக்கிறார்கள். தெருவில் மற்ற வீடுகளைப் போல அதுவும் ஒரு வீடு. சமைப்பார்கள், கடைக்குப் போவார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இதை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 2011 ஐ ஒட்டி வீடற்றோர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உதவி செய்யும் அமைப்புகளும் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றும் தனிப் பட்டியல், தனி விதி. பின்னர் ஏறத்தாழ நூறு அமைப்புகள் ஒரே பட்டியலை வைத்துக்கொள்ள இசைந்தன. குடியைவிடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம் என்று சொல்லாமல், முதலில் வீட்டைக் கொடுத்து மற்றவற்றைப் பிறகு பார்த்தார்கள். பத்தாண்டுகளில் 25,000 பேருக்கு மேல் வீடுகளில் குடியேறினார்கள். அவர்களுக்கு அரசுப் பணம் இருந்தது, நமக்கு இல்லை. பட்டியலுக்குப் பணம் தேவையில்லை என்பதற்காகவே இதைக் கூறினேன்.

இந்த முறை நமக்கு அன்னியமானதும் அன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டிய பள்ளிவாசலின் ஒரு பகுதியில் கூரை வேய்ந்த திண்ணை இருந்தது. வீடும் உறவும் இல்லாத தோழர்கள் அங்கேயே தங்கினார்கள். திண்ணைத் தோழர்கள் என்றே அவர்களுக்குப் பெயர். மக்காவிலிருந்து அனைத்தையும் துறந்து வந்த முஹாஜிர்களுக்கோ பொதுவாக உதவுங்கள் என்று அறிவித்துவிட்டு நாயகம் அவர்கள் இருந்துவிடவில்லை. இன்னாருக்கு இன்னார் சகோதரர் என்று பெயர் சொல்லி இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு இணைக்கப்பட்ட சஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அதை ஏற்காமல் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். லாரி வரும் இடத்திற்கு அருகில் படுக்க இடம் கேட்ட அந்தத் தொழிலாளியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வருகிறது. விளக்கம் தர வேண்டியவர் ஹழ்ரத் அவர்கள்; நான் அளவு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீடு நம் கையில் இருக்கிறது

இனி நம் விஷயத்திற்கு வருகிறேன். மீன்பாடி வண்டி ஓட்டும் ஒருவர், அவர் மனைவி, பதின்மூன்று வயது மகள் ஆகிய மூவருக்கும் ஓர் அறை தேடினோம். மாதம் 4,500 ரூபாய் வரை அவர்களால் கொடுக்க முடியும். பதினொரு இடங்களில் கேட்டோம். நடைபாதையில் இருந்தவர்கள் என்று தெரிந்ததும் ஏழு இடங்களில் அறை காலியில்லை என்றார்கள். மற்ற இடங்களில் பத்து மாத முன்பணம் கேட்டார்கள். 2017 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. சட்டத்தைச் சொன்னால், சட்டம் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று ஒருவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

அந்தப் பதினொருவரில் அறுவர் நமது ஜமாஅத்தின் உறுப்பினர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் ஸதகா கொடுப்பதில் நம்மில் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். இரவு உணவுக்கு அரிசி மூட்டை தந்தவரும் அதில் இருக்கிறார். அவர்களைக் குற்றம் கூறவும் எனக்குத் தகுதி இல்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் என் வீட்டு மாடி அறையைக் கேட்டு வந்த ஒருவருக்கு நானும் இதே பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வாடகை நின்றுவிட்டால் என்ன செய்வது, அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. அந்த அச்சத்தை ஒருவர் தனியே சுமக்க முடியாது. ஜமாஅத் சுமக்கலாம்.

இறுதியில் ஒருவர் சம்மதித்தார். மூன்று மாத முன்பணம் பைத்துல்மாலில் இருந்து, கடனாக. வாடகை தவறினால் நமது செயலாளரிடம் கேட்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். அறையைப் பார்க்க வந்த அந்தத் தாய், சுவரையோ குழாயையோ பார்க்கவில்லை. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தார். குடிவந்து எட்டு மாதமாகிறது. இருமுறை வாடகை தாமதமாயிற்று. ஒருமுறை பக்கத்து வீட்டாரோடு தண்ணீர்ச் சண்டை. நானே போய்ச் சமாதானம் செய்தேன். முன்பணக் கடனில் பாதி திரும்பி வந்துவிட்டது. மகள் அதே மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். இன்னொரு குடும்பம் இருபது நாளில் அறையை விட்டுவிட்டுச் சொல்லாமல் சென்றுவிட்டது என்பதையும் மறைக்காமல் கூறுகிறேன்.

ஆகவே, நிர்வாகக் குழுவின் முன் வைத்துள்ள வேண்டுகோள் இதுதான். பள்ளிவாசலின் பின்புறம் வக்ஃபுக்குச் சொந்தமான மூன்று அறைகள் உள்ளன. இரண்டில் ஒரு வணிகரின் சரக்கு இருக்கிறது. அவருடைய ஒப்பந்தம் மார்ச் மாதத்தில் முடிகிறது. மூன்றாவதில் சந்தூக்கும் தேக்சாக்களும் பழைய பாய்களும் கிடக்கின்றன. இந்த மூன்றையும் வீடற்ற குடும்பங்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தங்கி, ஆவணங்களைப் பெற்று, சிறிது சேமித்து, வெளியே வாடகை வீட்டுக்குச் செல்லும் வரையிலான இடமாக ஆக்க வேண்டும்.

வக்ஃபு வருமானத்தைக் குறைக்கலாமா என்று முத்தவல்லி அவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அந்த வாடகையில்தான் முஅத்தின் அவர்களின் சம்பளம் போகிறது. எனவே வக்ஃபுக்கு வர வேண்டிய வாடகை ஒரு ரூபாயும் குறையாமல் வரும். குடும்பங்கள் தங்களால் இயன்றதைக் கொடுப்பார்கள், மீதியை இதற்கென்று மாதச் சந்தா செலுத்த முன்வந்துள்ள 26 உறுப்பினர்கள் ஏற்பார்கள். வக்ஃபு வாரிய விதிகளுக்கு உட்பட்டே ஒப்பந்தம் எழுதப்படும். ஜகாத் பணத்தை இதில் சேர்க்கவில்லை. அதன் சட்டங்கள் நுட்பமானவை, ஸதகா மட்டுமே.

முஸ்லிம்களுக்கு மட்டும்தானே என்று சிலர் கேட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பலவற்றின் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே வந்தவரிடம் யாரும் மதம் கேட்கவில்லை. அந்த வழக்கத்தையே தொடரலாம் என்பது என் கருத்து. வணக்கத்திற்குரிய இடத்தின் ஒழுங்கு பேணப்பட வேண்டும், மது கூடாது, அறைகளுக்குத் தனி வழி வேண்டும் ஆகிய நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறோம். மதரஸாப் பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்துத் தாய்மார்கள் தெரிவித்த கவலைக்காகப் பின்பக்கச் சந்தில் தனிக் கதவு வைக்க மதிப்பீடு வாங்கியிருக்கிறோம்.

இப்போது எங்களிடம் ஒரு பேரேடு இருக்கிறது. அவரவர் சம்மதத்தோடு பெயர், ஊர், தொழில், உறவினர், நோய், எந்த ஆவணம் உள்ளது, எது இல்லை என்பவை அதில் எழுதப்படுகின்றன. விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதில்லை, புகைப்படம் எடுப்பதில்லை. உணவுப் பொட்டலம் கொடுக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் போடும் வழக்கத்தையும் இளைஞர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நம்மில் ஒருவர் பெயர் எழுதப்படுகிறது. அவர் அந்த ஒருவருக்கு மட்டுமே பொறுப்பு. தாலுகா அலுவலகமோ, மருத்துவமனையோ, வீடு தேடுவதோ எதுவாயினும் அவரே உடன் செல்ல வேண்டும். பேரேட்டில் இன்று வரை 34 பெயர்கள் உள்ளன. எதிர்ப்பக்கத்தில் 11 பெயர்கள் மட்டுமே நிரம்பியிருக்கின்றன. பெண்களோடு பேசச் சகோதரிகள் இன்னும் சிலர் வேண்டும்.

பேரேடு செயலாளர் அவர்களிடம் இருக்கிறது. அறைகளைப் பற்றிய தீர்மானம் அடுத்த பொருளாக வாக்கெடுப்புக்கு வரும். மூன்றாவது அறையின் கூரையில் ஒழுகல் இருக்கிறது. கொத்தனார் வேலை தெரிந்தவர்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்தால் தேக்சாக்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். அன்றிரவு இஷாவுக்குப் பிறகு வழக்கம்போல் வடக்கு வாயிலிலிருந்து புறப்படுகிறோம். வஸ்ஸலாம்.